சாம்பார் வாளி

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் கோமதிநாயகம். பிறகு பலர் செய்தார்கள். ஆனாலும் முதல் ஆள் அவர்தான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்க் குளக்கரை மடத்தில் வருசாவருசம் ஆனி மாதம் குருபூசை. அன்றைக்கு ஊர் முழுவதும் மடத்தில்தான் சாப்பாடு. நீளமாகப் பாய் விரித்து, வாழை இலை போட்டு, பந்தி பந்தியாக நடக்கும். பரிமாறுவது சம்பள ஆள் இல்லை, ஊர் ஆட்கள்தான். அதற்கு ஒரு முறை உண்டு. புதிதாக வருகிறவன் இலையில் உப்பு வைப்பான். அதில் தேறினால் தண்ணீர். பிறகு அப்பளம், அவியல், சோறு, ரசம் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே சாம்பார் வாளி. அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவனைத்தான் பந்தியில் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். எவ்வளவு பெரிய மனுசனும் அவனிடம் கை நீட்டி, இங்கே கொஞ்சம் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நான் மீசை முளைக்கிற வயசில் உப்புக்கு வந்தேன். அப்போது சாம்பார் வாளி கோமதிநாயகம் கையில் இருந்தது. யார் எதைத் தூக்குவது என்று தீர்மானிப்பதும் அவர்தான். எனக்குக் கல்யாணம் ஆயிற்று, உப்பு வைத்தேன். மகன் பிறந்தான், உப்பு வைத்தேன். எனக்குப் பின்னால் வந்தவன் ரசத்துக்குப் போய்விட்டான். கேட்டால், ஆவுடையப்பா, உன் கைக்குத்தான் உப்பு அளவாக விழுகிறது என்பார். கேட்கும்போது பாராட்டு மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைக்கும்.

ஒரு வழியாக நானும் மேலே ஏறினேன். கோமதிநாயகத்துக்கு இடுப்பு பிடித்துக் குனிய முடியாமல் ஆன வருசம் சாம்பார் வாளி என் கைக்கு வந்தது. வந்தது என்றுதான் சொல்ல முடியும். அவர் கொடுக்கவில்லை. அந்த வருசம் பரிமாற வராமல் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டார். வாளி சமையல்கட்டில் சும்மா இருந்தது. நான் எடுத்துக்கொண்டேன். அவர் இலைக்குப் போய் ஊற்றும்போதாவது சொல்வார் என்று நின்றேன். 'இனி நீ எடு.' இவ்வளவுதான், மூன்று வார்த்தை. அவர் இலையைப் பார்த்தார், அப்பளத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மூன்று வார்த்தை எனக்கு வரவேண்டியது. இன்னும் வரவில்லை.

இப்போது விசயத்துக்கு வருகிறேன்.

கொஞ்ச காலமாகவே பரிமாற இளவட்டங்கள் வருவதில்லை. வருகிற ஒன்றிரண்டு பயல்களும் உப்பை வைத்துவிட்டு எங்கே போகிறார்கள் என்று தெரியாது. போன வருசம் மூன்றாம் பந்தியில் பாயசமே வராமல் எழுந்து போனவர்கள் உண்டு. மடத்துச் செயலாளர் நம்பிராஜன் கமிட்டியைக் கூட்டினார். இந்த வருசமும் பந்தி இப்படிச் சீரழிந்தால், அடுத்த வருசம் டவுனில் ஒரு காண்ட்ராக்ட்காரரிடம் விட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். மேசை மேல் பாத்திரம் இருக்குமாம். சனங்கள் தட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் போய் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். இலை கிடையாது, பந்தி கிடையாது, வாளியும் கிடையாது. வாளி இல்லாவிட்டால் இந்த ஊரில் நான் யார்? எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இளைஞர்களை இழுக்க நான் செய்யாத காரியம் இல்லை. பஸ் ஸ்டாப்பில் பேனர் கட்டினேன். 'ஊர்ப் பணிக்கு இளைஞர்களே வாரீர்' என்று எழுதி, என் படத்தைப் பெரிதாகப் போட்டேன். மறுவாரம் பேனரை யாரோ அவிழ்த்துக்கொண்டு போய் மாட்டுக்கொட்டகைக்கு மேலே போட்டுவிட்டார்கள். மழைக்கு இப்போது மாட்டின்மேல் நான்தான் நனைகிறேன். வாலிபால் ஆடுகிற பையன்களை நிறுத்தி வைத்து ஊர்ப்பொறுப்பு பற்றிப் பேசினேன். பேசி முடிக்கும்போது இருட்டிவிட்டது. பந்து தெரியாமல் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

பிறகு பேரனைப் பிடித்து வாட்ஸாப்பில் ஒரு குழு ஆரம்பித்தேன். முதல் நாளே விதிகளைப் போட்டேன். பந்தியில் போன் பார்க்கக் கூடாது. தொளதொளவென்று கால்சட்டை கூடாது. பரிமாறும்போது சிரிக்கக் கூடாது. மூத்தவர் சொன்னால் மறுபேச்சு கூடாது. சாயங்காலத்துக்குள் ஒவ்வொருத்தனாக வெளியேறிவிட்டான். இப்போது குழுவில் இரண்டு பேர்தான் இருக்கிறோம். நானும் கோமதிநாயகமும். அவருக்கு எப்படி வெளியேறுவது என்று தெரியாது. தினமும் காலையில் ரோசாப்பூப் படம் போட்டு வணக்கம் அனுப்புகிறார். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் ரோசாப்பூ.

கடைசியில் சாமியிடம் போனேன்.

எங்கள் மடத்துச் சாமிக்கு என் மகன் வயசுகூட இருக்காது. காவி கட்டுவதற்கு முன்னால் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அதிகம் பேச மாட்டார். நான் வயசைப் பார்க்காமல் அவரைத்தான் குருவாக வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஆனால் அவர் முன்னால் போய் உட்கார்ந்து மனசில் உள்ளதைக் கொட்டுவேன். பாதிக்கு மேல் கோமதிநாயகத்தைப் பற்றித்தான் இருக்கும். சாமி முகம் சுளித்ததில்லை.

அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"இந்தப் பயலுகளை ஊர்க் காரியத்துக்கு எப்படிச் சாமி கொண்டு வாரது?"

சாமி குளத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"இந்த வருசம் நானும் பரிமாற வாரேன் அண்ணாச்சி. எனக்கு ஒரு வேலை குடுங்க."

நான் கேட்டதற்கு இது பதில் இல்லை. ஆனால் ஒரு ஆள் கூடியதே என்று சரி என்றேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் சிக்கல் தெரிந்தது. சாமிக்கு எதைக் கொடுப்பது? மடத்துக்கே தலைவர் அவர். ஆனால் பந்திக்குப் புது ஆள். ஊரே காலில் விழுகிற மனுசனுக்கு ரசம் கொடுத்தால் என்ன என்று ஒரு மனசு சொன்னது. அப்படிக் கொடுத்தால் நான் அத்தனை வருசம் உப்பு வைத்ததற்கு என்ன அர்த்தம் என்று இன்னொரு மனசு சொன்னது. குருபூசை அன்று காலையில் சாமி சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். நான் உப்புக் கிண்ணத்தை நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அந்த வருசம் வந்த இளவட்டங்கள் நாலைந்து பேர். வாலிபால் ஆடுகிற இசக்கிராஜ் தன் சேக்காளிகளைக் கூட்டி வந்திருந்தான். அம்மா வையாமல் இருப்பதற்காக வந்தேன் என்று என்னிடமே சொன்னான். நர்ஸ் படிப்பு படிக்கிற பகவதி என்ற பெண்ணும் வந்திருந்தாள். நானும் பரிமாறட்டுமா தாத்தா என்று கேட்டாள். எங்கள் பந்தியில் பெண்கள் வாளி தொட்டது கிடையாது, வேண்டுமானால் இலையைத் துடைத்துக் கொடு என்றேன். என்னைத் தாத்தா என்று சொன்னதையும் மனசில் வைத்துக்கொண்டேன்.

முதல் பந்தி உட்கார்ந்தது. இசக்கிராஜும் மற்றவர்களும் ஒரு வரிசையில் உப்பு வைக்க, சாமி இன்னொரு வரிசையில் வைத்தார். அந்த வரிசை ஒழுங்காக உட்காரவே இல்லை. சாமி கிட்டே வந்ததும் ஆளாளுக்குப் பாதி எழுந்து கும்பிட்டார்கள். ஒருத்தர் உப்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகு கண்ணைத் திறக்க முடியாமல் தண்ணீர் கேட்டார். சாமி எதற்கும் சிரிக்கவில்லை. விதி அப்படி.

நான் சாம்பாரோடு இரண்டு வரிசையையும் சுற்றி முடித்து நிமிர்ந்தபோது சாமியைக் காணவில்லை. பையன்களையும் காணவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். இசக்கிராஜ் கையில் போன். அதில் கிரிக்கெட். அவன் தோளுக்குப் பின்னாலிருந்து சாமியும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, பந்தி நடக்கு."

"நடக்கட்டும் அண்ணாச்சி."

"நீங்க இங்க வந்து உக்காந்துட்டீங்களே."

"உப்பு வச்சாச்சே."

அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லையே என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் அடுத்த ஸ்டாப் எது என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். பிறகு, ரசம் கொடுத்தால் எடுத்துப் போகிறேன் என்றார். அதற்கெல்லாம் கை பழக வேண்டும் என்றேன்.

"எனக்கு எப்பப் பழகும்?"

"பாத்துச் சொல்லுதேன் சாமி."

"யாரு பாக்கணும்?"

"நான்தான்."

சாமி தலையை ஆட்டிக்கொண்டு இசக்கிராஜ் பக்கம் திரும்பினார்.

"உக்காரு தம்பி. நமக்கு இன்னும் நாள் இருக்கு. ஸ்கோர் என்ன?"

நான் திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டாம் பந்தியில்தான் வினை. பக்கத்து ஊரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் வந்து இறங்கியது. பாய் போதாமல் மண்டபத்துக்கு வெளியே பந்தலிலும் இலை போட்டார்கள். சோறு, ரசம், அவியல் எடுக்கிற ஆட்கள் எல்லாரும் என் வயசு. சோற்றைப் போட்டவர் போட்ட இடத்திலேயே தூணில் சாய்ந்துவிட்டார். நான் ஒரு கோடியிலிருந்து சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தேன். பாதி தூரம் வருவதற்குள் வாளி காலி. மறுகோடியில் வெறும் சோற்றை வைத்துக்கொண்டு சனங்கள் என்னையே பார்க்கிறார்கள். சாம்பார் எங்கே என்று ஒருத்தர் கேட்டார். பிறகு எல்லாரும் கேட்டார்கள். கோபக்காரர் ஒருவர் சோற்றில் உப்பைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, இந்த மடத்தில் உப்பு மட்டும் பிரமாதம் என்றார்.

மண்டபத்து ஓரத்தில் நம்பிராஜன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, தட்டில் எத்தனை குழி இருக்கும் என்று யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தார்.

நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். பையன்கள் எழுந்து நின்று இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தனும் நகரவில்லை. சாமியும் நகரவில்லை.

அங்கே என்ன வேடிக்கை என்று சத்தம் போட்டேன். இசக்கிராஜ் ஓடி வந்தான்.

"இன்னும் உப்பு வேணுமா பெரியப்பா?"

நக்கல் இல்லை. பயலுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நான் வாளியைப் பார்த்தேன். அவனும் வாளியைப் பார்த்தான். பந்தி முழுவதும் வாளியைப் பார்த்தது.

"பிடி" என்றேன்.

"எதை?"

"வாளியைத்தாம்ல. வேற என்னத்த?"

அவன் வாங்கிக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினான். வாளியோடு ஓடக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பகவதி ஒரு சின்ன வாளியைக் கழுவி, சாம்பார் நிரப்பி, மறுகோடியில் ஆரம்பித்துவிட்டாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நான் கையைத் தூக்கித் தடுப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு இலை தாண்டிவிட்டாள். அவளிடம் சாம்பார் வாங்கியவர்களில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்று தாயி என்றுதான் கேட்டார்கள். மற்றப் பயல்களும் ஆளுக்கொன்றைத் தூக்கினார்கள். ஒருத்தன் மோருக்கு முன்னால் ரசத்தைக் கொடுக்க மறந்து, மோருக்குப் பின்னால் கொடுத்தான். இசக்கிராஜ் ஊற்றிய சாம்பார் ஓர் இலையில் புறப்பட்டு அடுத்த இலைப் பாயசத்தில் போய்ச் சேர்ந்தது. அவன் சிரித்தான். இலைக்காரரும் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கையில் ஒன்றுமில்லாமல் நடுப்பந்தியில் நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. சாமி வந்து உப்புக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். தூணோரம் ஒருத்தர் உப்புக் கேட்கிறார் என்று சொல்லிவிட்டு, அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு போனார்.

தூணோரம் இருந்தவர் கோமதிநாயகம்.

கீழே உட்கார முடியாது என்று அவருக்கு நாற்காலி போட்டு, ஸ்டூலில் இலை விரித்திருந்தார்கள். நான் போய் உப்பு வைக்கிறேன். அதே நேரத்தில் மறுபக்கம் இசக்கிராஜ் வந்து சாம்பார் ஊற்றுகிறான். ஊற்றுகிறான் என்று சொல்லக் கூடாது, கவிழ்க்கிறான். கோமதிநாயகம் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். பிறகு தலையைத் தூக்கி அந்தப் பயலின் முகத்தைப் பார்த்தார்.

"தாராளமா ஊத்துதியே தம்பி. இனி நீ எடு."

அந்தப் பயல் வாளி பிடித்துக் கால்மணி நேரம் இருக்குமா? இருக்காது. எனக்கு வரவேண்டிய மூன்று வார்த்தையை, என் கண் முன்னாலேயே, நான் உப்புக் கிண்ணத்தோடு நிற்கும்போது, ஒரு கவிழ்க்கிற பயலுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அவனாவது பூரித்துப் போனானா என்றால் அதுவும் இல்லை. சரி தாத்தா என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டான்.

கோமதிநாயகம் என்னைப் பார்த்து, உப்பு போதும் என்றார்.

மூன்று பந்தியும் முடிந்தது. பாயசம் எல்லாருக்கும் கிடைத்தது. வேனில் வந்தவர்கள் சாமியைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பையன்களும் பகவதியும் அடிபம்பில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். நம்பிராஜன் அவர்களிடம் போய், அடுத்த வருசமும் வருவீர்களா என்று கேட்டார். ஆனியில் முகூர்த்தம் அதிகம், டவுன் தட்டுக்காரருக்கு இப்போதே சொல்லிவைக்க வேண்டும், அதனால் இன்றைக்கே தெரிந்தாக வேண்டும் என்றார். இசக்கிராஜ் என்னைப் பார்த்தான்.

"பெரியப்பா கூப்பிட்டா வருவோம்."

நம்பிராஜனும் என்னைப் பார்த்தார். நான் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு சாமியிடம் போய்விட்டேன்.

சாமி காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். நடந்தது அவருக்கும் தெரியும். இருந்தாலும் சொன்னேன். எத்தனை வருசம் உப்பு வைத்தேன் என்றும், எனக்குப் பின்னால் வந்தவனுக்கு ரசம் போனதையும், ரோசாப்பூவையும் சொன்னேன். எனக்கு யாரும் சொல்லாததை நான் மட்டும் எதற்கு அடுத்தவனுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

"அவரு முதல்ல எனக்குச் சொல்லட்டும் சாமி. பிறகு நான் இவனுகளைக் கூப்பிடுதேன்."

"அது நியாயந்தான் அண்ணாச்சி."

சாமி மடியிலிருந்து போனை எடுத்தார்.

"அப்ப அவரு சொல்லுத வரைக்கும் தட்டுல நடக்கட்டும். எத்தனை தட்டு சொல்லட்டும்?"

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கண்டக்டராக இருந்த மனுசன், சில்லறை வரும்வரை நிற்கத் தெரியும்.

எழுந்து அடிபம்புக்குப் போனேன். பாத்திரச் சத்தம் நின்றது.

"அடுத்த வருசம் வாங்கடே எல்லாரும்" என்றேன்.

நானுமா தாத்தா என்று பகவதி கேட்டாள். எல்லாரும் என்றால் எல்லாரும்தான் என்றேன். எனக்கு என்ன பெரியப்பா என்று இசக்கிராஜ் கேட்டான். உப்பு என்றுதான் வாயில் வந்தது. விழுங்கிக்கொண்டேன். எது கையில் கிடைக்கிறதோ அதை எடு, ஆனால் வாளியோடு ஓடாதே என்றேன். அவன் சிரித்தான். சிரிப்புக்கும் விதி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

நம்பிராஜன் தட்டுக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் திரும்பி வந்து சாமி முன்னால் உட்கார்ந்தேன்.

"கூப்பிட்டுட்டேன் சாமி. அதுக்காக நான் விட்டுக்குடுத்துட்டேன்னு யாரும் நினைக்கக் கூடாது. கோமதிநாயகம் எனக்குச் சொல்ல வேண்டியது அப்படியேதான் இருக்கு."

சாமி போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆமா அண்ணாச்சி," என்றார். "அது பாக்கிதான்."